புதுப்பிப்புக்குப் பிறகு தாமதமாகத் திறக்கும் லினக்ஸ்: கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

வாசகர் கேள்வி: என் மடிக்கணினியில் டெபியன் 12 வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஏறத்தாழ 22 வினாடிகளில் திறந்துவிடும். மூன்று வாரங்களுக்கு முன் காலியாக இருந்த ஒரு வட்டுப் பிரிவில் வேறொரு லினக்ஸை நிறுவி, பத்து நாட்கள் அதையே பயன்படுத்திப் பார்த்தேன். பிறகு டெபியனுக்குத் திரும்பி, நிலுவையில் இருந்த புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் நிறுவினேன். அவற்றில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் ஒன்று. அன்றிலிருந்து கணினி திறக்க இரண்டு நிமிடத்துக்கும் மேலாகிறது. தொடக்க நேரத்தைக் காட்டும் கட்டளையை இயக்கியபோது ஃபர்ம்வேருக்கு 4.3, பூட்லோடருக்கு 5.6, கர்னலுக்கு 33.4, பயனர்வெளிக்கு 98.7 வினாடி என்று வந்தது. எந்தச் சேவை அதிக நேரம் எடுக்கிறது என்று பார்த்து, பட்டியலில் மேலே இருந்த ஐந்தை முடக்கினேன். சில வினாடிகளே குறைந்தன. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். பின்குறிப்பு: திறக்கும்போது கருந்திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஓடுகின்றன, பக்கத்தில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதாக ஒரு வரி, அதில் நீளமான எண்ணும் எழுத்தும் கலந்திருப்பதால் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

அன்புள்ள வாசகருக்கு,

அழித்துவிட்டு மீண்டும் நிறுவ வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு எண்களும், பின்குறிப்பாக நீங்கள் சேர்த்திருக்கும் அந்த ஒரு வரியும் நோய் எங்கே இருக்கிறது என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடுகின்றன. உறுதிசெய்துகொள்ள வேண்டிய சோதனைகளையும், அதன் பின் செய்ய வேண்டிய திருத்தத்தையும் வரிசையாகச் சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.

முதலில் அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். கணினி திறக்கும்போது அடுத்தடுத்து வரும் நான்கு கட்டங்களின் நேரங்கள் அவை: தாய்ப்பலகையின் உள்நிரலான ஃபர்ம்வேர், கர்னலை ஏற்றும் பூட்லோடர், கர்னல், அதன் பின் சேவைகள் தொடங்கும் பயனர்வெளி. மொத்தம் 142 வினாடி, அதாவது 2 நிமிடம் 22 வினாடி. முன்பு 22 வினாடியில் திறந்தது என்கிறீர்கள். அப்படியானால் புதிதாகச் சேர்ந்திருப்பது சரியாக 120 வினாடி. அந்த 120 எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் என் கவனத்தை ஈர்த்தது. கர்னலின் 33.4 வினாடியில் 30-ஐக் கழித்தால் எஞ்சுவது 3.4, பயனர்வெளியின் 98.7 வினாடியில் 90-ஐக் கழித்தால் எஞ்சுவது 8.7. இந்த மிச்சங்கள் இரண்டும் நல்ல நிலையில் உள்ள ஒரு மடிக்கணினிக்குரிய இயல்பான அளவுகள். ஒரு கணினி உண்மையிலேயே வேலை செய்து நேரத்தைச் செலவிட்டால், அந்த நேரம் ஒருபோதும் 30, 90 என்று முழு எண்ணாக வந்து நிற்காது. முழு எண் வருகிறதென்றால், ஏதோ ஒன்று வரும் என்று கணினி காத்திருந்து, வராததால் குறித்த கெடு முடிந்ததும் அதைக் கைவிட்டு மேலே சென்றிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உங்கள் கணினி மெதுவாகிவிடவில்லை. இரண்டு இடங்களில் காத்து நிற்கிறது.

அந்த இரண்டு கெடுக்களும் நன்கு அறியப்பட்டவை. டெபியன் 8 முதல், அதாவது 2015 முதல், டெபியனின் தொடக்கப் பணிகளை நடத்தும் சிஸ்டம்டி, ஒரு வட்டுப் பிரிவோ சேவையோ தயாராவதற்கு இயல்பாக 90 வினாடி பொறுத்திருக்கும். சிவப்பு நட்சத்திரக் குறிகளோடு நீங்கள் பார்த்த வரி அந்தப் பொறுத்திருத்தலின் அறிவிப்புதான். வரியின் இறுதியில் கடந்த நேரமும், 1 நிமிடம் 30 வினாடி என்ற கெடுவும் அடைப்புக்குறிக்குள் தெரியும். பொருள் விளங்கவில்லை என்று நீங்கள் சொன்ன எண்ணெழுத்துக் கோவை, கணினி தேடிக்கொண்டிருக்கும் வட்டுப் பிரிவின் அடையாள எண். அதை யுயுஐடி என்பார்கள். மற்றொரு கெடுவான 30 வினாடி, கர்னல் எழுந்தவுடன் இயங்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிக அமைப்புக்கு உரியது. கணினி முன்பு ஹைபர்னேட் செய்யப்பட்டிருந்தால், அதாவது நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைக்கப்பட்டிருந்தால், அந்த நினைவகப் படிமத்தை மீட்பதற்காக அது ஸ்வாப் பிரிவைத் தேடும். ஸ்வாப் என்பது நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்பட்ட பகுதி. கிடைக்காவிட்டால் 30 வினாடி வரை காத்திருந்துவிட்டுக் கைவிடும். டெபியன் 12-இல் இந்தக் கட்டம் தனியாகக் கணக்கிடப்படாமல் கர்னலின் நேரத்தோடு சேர்ந்தே காட்டப்படுவதால், பிழை கர்னலில் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. புதிய கர்னலைச் சந்தேகித்துப் பழையதற்குத் திரும்பியவர்கள் பலர் இந்தத் தோற்றத்தால் வழிதவறியவர்களே.

இரண்டு காத்திருப்புகளும் ஒரே பொருளைக் குறித்தவை என்பதே என் கணிப்பு. அது உங்கள் ஸ்வாப் பிரிவு. பல லினக்ஸ் நிறுவிகள், வட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்வாப் பிரிவு இருப்பதைக் கண்டால், அதைத் தாமும் பயன்படுத்திக்கொள்ளும் நோக்கத்தில் புதிதாக வடிவமைத்துவிடுகின்றன. அப்படி வடிவமைக்கும்போது அந்தப் பிரிவுக்குப் புதிய யுயுஐடி கிடைக்கிறது. பிரிவு அதே இடத்தில், அதே அளவில்தான் இருக்கும். ஆனால் டெபியன் தன் ஏட்டில் குறித்து வைத்திருப்பது பழைய எண்ணை. வீட்டுக்கு எண் மாறிவிட்டது, முகவரிப் புத்தகம் மாறவில்லை. நீங்கள் இரண்டாவது லினக்ஸை நிறுவிய நாளிலேயே இது நடந்து முடிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் புதுப்பிப்புக்கு முன்பே தாமதம் தொடங்கியிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பத்து நாட்கள் கழித்து டெபியனுக்குத் திரும்பிய அந்த முதல் தொடக்கமும் இதேபோல் நீண்டிருக்கும் என்றே நம்புகிறேன். நெடுநாள் கழித்துத் திறக்கும் கணினி சற்றுத் தாமதித்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து உடனே புதுப்பிப்பு நடந்துவிட்டதால் பழி அதன்மேல் விழுந்துவிட்டது. இதை ஊகமாக விட்டுவிட வேண்டியதில்லை, சான்று உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஜர்னல்சிடிஎல் கட்டளையை லிஸ்ட்-பூட்ஸ் என்னும் தெரிவோடு இயக்கினால், கடந்த தொடக்கங்கள் நாளும் நேரமுமாக வரிசைப்படுத்தப்படும். புதுப்பிப்புக்கு முந்தைய, நீங்கள் டெபியனுக்குத் திரும்பிய நாளுக்குரிய தொடக்கத்தைத் தேர்ந்து, அதன் பதிவுகளில் ‘டைம்ட் அவுட்’ என்ற சொற்களைத் தேடுங்கள். ஒரு சாதனத்துக்காகக் காத்திருந்து கெடு முடிந்ததாக அங்கே ஒரு வரியும், அதையடுத்து ஸ்வாப் தொடங்கவில்லை என்று இன்னொரு வரியும் இருந்தால், புதுப்பிப்பின்மீது குற்றமில்லை என்பது உறுதியாகிவிடும். ஏதேனும் ஒரு காரணத்தால் அந்த நாளின் பதிவு அழிந்துபோயிருந்தால், இன்றைய தொடக்கத்தின் பதிவில் அதே வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காரணத்தை உறுதிசெய்ய அதுவே போதும்.

இன்னொரு சான்றும் உண்டு. புதுப்பிப்பு நடந்தபோது இனிட்ராம்எஃப்எஸ் மறுபடி உருவாக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் குறிக்கப்பட்ட ஸ்வாப் பிரிவு வட்டில் இல்லை என்றால் அந்த வேளையிலேயே ஓர் எச்சரிக்கை அச்சாகும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் நேரத்தில் அது கண்ணில் படாமல் போவது இயல்பு. வார் அடைவில் உள்ள லாக், அதனுள் உள்ள ஆப்ட் அடைவில் டெர்ம்.லாக் என்ற கோப்பு இருக்கும். புதுப்பிப்பின்போது திரையில் ஓடிய அனைத்தும் அதில் பதிவாகியிருக்கும். அங்கே ‘ரெஸ்யூம்’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

நீங்கள் ஐந்து சேவைகளை முடக்கியும் பயன் கிட்டாததற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தத் தவறான வழியில் மிகப் பலர் செல்கிறார்கள். நீங்கள் பயன்படுத்தியது சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையின் பிளேம் பட்டியல். அது ஒவ்வோர் அலகும் (சேவை, சாதனம், ஸ்வாப் என சிஸ்டம்டி கையாளும் ஒவ்வொன்றும் ஓர் அலகு) தொடங்கி முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை இறங்குவரிசையில் காட்டுகிறது. ஆனால் அந்த அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குபவை அல்ல. பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இணையாக இயங்குகின்றன. 6 வினாடி எடுக்கும் ஒரு சேவை மற்றவற்றோடு இணையாக ஓடினால், அதை முடக்குவதால் ஒரு வினாடிகூட மிச்சமாகாமல் போகலாம். சில அலகுகள் மற்றவை முடியும்வரை காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவை. தொடக்கத் திரையை விலக்கும் பிளைமவுத்-குவிட்-வெயிட் அத்தகையது. பட்டியலின் உச்சியில் அது நிற்பதைப் பார்த்து அதை முடக்கியவர்களை நான் அறிவேன். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது: அந்தப் பட்டியலில் இடம்பெறுபவை வெற்றிகரமாகத் தொடங்கிய அலகுகள் மட்டுமே. வராமலே போன சாதனம், தொடங்காமலே தோற்ற ஸ்வாப் ஆகியவை அதில் தென்படுவதே இல்லை. உங்கள் 90 வினாடிக்குக் காரணமானது அந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் இல்லை.

இத்தகைய நேரங்களில் உதவுவது அதே கட்டளையின் கிரிட்டிக்கல்-செயின் என்னும் துணைக்கட்டளை. அது எந்த அலகு எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலியைக் கீழிருந்து மேலாகக் காட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அட் குறியோடு வரும் எண், அந்த அலகு எந்த வினாடியில் தயாரானது என்பதைச் சொல்கிறது. கூட்டல் குறியோடு வரும் எண், அது தனக்கென எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொல்கிறது. எண்கள் ஒன்றிரண்டு வினாடியிலிருந்து திடீரென 90-ஐத் தாண்டும் இடம் எதுவோ அதுவே நீங்கள் பார்க்க வேண்டிய இடம். உங்கள் கணினியில் அந்தத் தாவல் ஸ்வாப்.டார்கெட் என்னும் பெயருக்கருகே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இதையே படமாகப் பார்க்க விரும்பினால் பிளாட் என்னும் துணைக்கட்டளை ஓர் எஸ்விஜி கோப்பை உருவாக்கித் தரும். உலாவியில் திறந்தால், யாரும் ஓடாத நீண்ட வெற்றிடமாக அந்த 90 வினாடி கண்ணுக்குத் தெரியும்.

இனித் திருத்தம். லிஸ்ட்-பிளாக் எனப் பொருள்படும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் தெரிவோடு இயக்குங்கள். வட்டுப் பிரிவுகள் அனைத்தும் தத்தம் யுயுஐடியோடு வரும். அவற்றில் ஸ்வாப் என்று குறிக்கப்பட்டதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஈடிசி அடைவில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பை (டெபியனின் ஏடு என்று முன்பு சொன்னது இதுதான்) திறந்து, ஸ்வாப் வரியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் கணிப்பு மெய்யாகிவிட்டது. கோப்பைத் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அதில் ஏற்படும் ஓர் எழுத்துப் பிழைகூடக் கணினியை அவசரநிலை முனையத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஸ்வாப் வரியில் புதிய எண்ணை எழுதிச் சேமித்த பிறகு, ஃபைண்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை தெரிவோடு இயக்கினால், கோப்பில் உள்ள பிழைகளையும் வட்டில் இல்லாத எண்களையும் அது சுட்டிக்காட்டும். குறை ஏதும் இல்லையென்றால், சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஸ்வாப்ஆன் கட்டளையை ஏ தெரிவோடு இயக்குங்கள். பிறகு ஷோ தெரிவோடு ஒருமுறை இயக்கினால் ஸ்வாப் செயல்படுவது தெரியும். நீங்கள் திரும்பி வந்ததிலிருந்து உங்கள் டெபியன் ஸ்வாப் இல்லாமலே இயங்கி வந்திருக்கிறது. நிறைய நிரல்களைத் திறந்து வைத்த வேளைகளில் ஏதேனும் ஒன்று திடீரென மூடப்பட்டிருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

இத்தோடு பாதி வேலைதான் முடிந்தது. பலரும் இங்கேயே நின்றுவிட்டு, 30 வினாடி மட்டும் ஏன் குறையவில்லை என்று வருந்துகிறார்கள். ஈடிசியில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் என்ற அடைவும், அதனுள் கான்ஃப்.டி என்ற அடைவும், அதனுள் ரெஸ்யூம் என்ற சிறு கோப்பும் இருக்கும். அந்தக் கோப்பில் இருக்கும் ஒரே வரியிலும் பழைய யுயுஐடிதான் எழுதப்பட்டிருக்கும். அதையும் புதிய எண்ணாக மாற்றுங்கள். நீங்கள் ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்துவதே இல்லை என்றால், முதல் சமக்குறிக்குப் பின் உள்ள அனைத்துக்கும் பதிலாக ‘நன்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதுவது இன்னும் எளிது. கோப்பை மாற்றினால் மட்டும் போதாது. அதன் உள்ளடக்கம் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்துக்குள் நகலாகச் சென்று உட்கார்ந்திருக்கிறது. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை யு தெரிவோடும், எல்லாக் கர்னல்களையும் குறிக்கும் வகையில் கே ஆல் தெரிவோடும் இயக்கினால்தான் மாற்றம் உள்ளே போய்ச் சேரும். இம்முறை அந்தப் பழைய எச்சரிக்கை வராமல் கட்டளை முடிய வேண்டும்.

எம்கேஸ்வாப் கட்டளையால் அந்தப் பிரிவுக்குப் பழைய எண்ணையே திரும்பக் கொடுத்துவிடலாமே என்று உங்களிடம் யாரேனும் சொல்லலாம். அது செய்யக்கூடியதுதான், ஆனால் அப்படிச் செய்தால், புதிய எண்ணை நம்பியிருக்கும் இரண்டாவது லினக்ஸ் இதே நோய்க்கு ஆளாகும். அந்த இரண்டாவது லினக்ஸை நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்களா என்பது கடிதத்திலிருந்து தெரியவில்லை. வைத்திருந்தால் டெபியனின் ஏட்டைத் திருத்துவதே சரி. அதோடு ஒன்றை மனத்தில் வையுங்கள்: இரண்டு அமைப்புகளும் ஒரே ஸ்வாப் பிரிவைப் பகிர்ந்துகொள்ளும் வரை, ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றொன்றைத் திறக்காதீர்கள். முதல் அமைப்பின் நினைவகப் படிமம் அழிந்துபோகும். சேமிக்காத வேலையும் அதோடு போகும். இரண்டாவது லினக்ஸை நீக்கும்போது ஸ்வாப் பிரிவையும் சேர்த்து நீக்கியிருந்தால், எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன் ஒரு ஹேஷ் குறியிட்டு, ரெஸ்யூம் கோப்பில் ‘நன்’ என்று எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை மேலே சொன்னபடி இயக்கினால் போதும்.

இவற்றைச் செய்து முடித்தபின், முடக்கிய ஐந்து சேவைகளையும் மீண்டும் இயக்கிவிடுங்கள். வலையமைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் மட்டும் விதிவிலக்கு. வலையமைப்பிலிருந்து கோப்புகளை ஏற்றாத ஒரு மடிக்கணினியில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, முடக்கியபடியே விடலாம். பிறகு இரண்டு முறை மறுதொடக்கம் செய்து, இரண்டாவதன் நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள், ஏனெனில் மாற்றங்களுக்குப் பிந்தைய முதல் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் நடக்கும் வேலைகள் கலந்திருக்கலாம்.

சோதனைகளில் யுயுஐடி இரண்டும் ஒத்திருந்து என் கணிப்பு பொய்த்துப்போனால், நட்சத்திரக் குறிகளோடு வரும் வரியில் உள்ள எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அது எந்தச் சாதனத்துக்கு உரியது என்று தேடுங்கள். எப்போதோ இணைத்துப் பயன்படுத்திய வெளிவட்டு ஒன்றின் வரி எஃப்எஸ்டேப்பில் எஞ்சியிருந்தாலும் இதே 90 வினாடி வரும். அந்த வட்டு உங்களுக்கு இனியும் வேண்டுமென்றால், அதன் வரியில் நோஃபெயில் என்ற தெரிவையும், எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் என்ற தெரிவில் 5 வினாடியையும் சேர்த்துவிடுங்கள். வட்டு இல்லாத நாட்களில் கணினி அதற்காக நிற்காது.

புதுப்பிப்பே காரணமாக இருக்கும் நேர்வுகள் இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பரில் கர்னல் 5.3 வெளியாகவிருந்த நேரத்தில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வட்டு வாசிப்புகளைக் குறைக்கும் ஒரு நல்ல மேம்பாடு, சில கணினிகளைத் தொடக்கத்திலேயே நிறுத்தி வைத்தது. சீரற்ற எண்களை உருவாக்கக் கர்னல் நம்பியிருந்த மூலங்களுள் ஒன்று வட்டின் அசைவு. அசைவு குறைந்ததும், போதிய சீரின்மை சேரும்வரை தொடக்க நிரல்கள் காத்து நின்றுவிட்டன. லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மேம்பாட்டைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று 5.3-ஐ வெளியிட்டார், அடுத்த 5.4-இல், தேவைப்படும்போது கர்னலே சீரின்மையைத் திரட்டிக்கொள்ளும் வழி சேர்க்கப்பட்டது. உங்கள் புதிய கர்னல்மீது ஐயம் எஞ்சியிருந்தால் அதைத் தீர்க்கவும் எளிய வழி உண்டு. கணினி திறக்கும்போது கிரப் என்னும் பூட்லோடர் காட்டும் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கர்னல் இன்னும் இருக்கும்; அதைக் கொண்டு ஒருமுறை திறந்து நேரத்தை அளந்து பாருங்கள். பழையதிலும் அதே 30 வினாடி இருந்தால் கர்னலை விட்டுவிடலாம்.

காத்திருப்புகள் இரண்டும் நீங்கிய பிறகும் நேரம் 22 வினாடிக்கு வெகுவாக மேலே நின்றால், அதுவும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவாக வந்தால், வட்டையே சோதிக்க வேண்டியிருக்கும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ஏடிஏ அல்லது என்விஎம்இ (வட்டு இணைப்பு முறைகள்) தொடர்பான பிழை வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் அறிக்கையில், மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும் படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கையும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், தொடக்க நேரத்தைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு, அன்றைக்கே உங்கள் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள்.